விக்டோரியா பாலம், காராய்

விக்டோரியா பாலம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலகங்சாருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே உள்ள காராய் என்னும் சிற்றூரில் பேராக் ஆற்றின் குறுக்கே நிற்கும் பழைய ரயில் பாலம். 1897 டிசம்பரில் வேலை தொடங்கி 1900 மார்ச்சில் முடிந்தது. நீளம் ஏறத்தாழ 351 மீட்டர். நாட்டின் மிகப் பழைய ரயில் பாலங்களுள் ஒன்றான இது, பேராக்கின் பழம் பொறியியல் சாதனைகளில் தலையாயது.

வகை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகன்ற ஆறுகளைக் கடக்க இரண்டு முறைகள் பெரிதும் கையாளப்பட்டன. ஒன்று தூக்குப்பாலம். கரைகளில் நிற்கும் கோபுரங்களின் மேல் சங்கிலி அல்லது வடத்தை இழுத்துக் கட்டி, அதிலிருந்து பாதையைத் தொங்கவிடுவது இம்முறை. திருவிதாங்கூரின் புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டிமுடிக்கப்பட்ட பாலம் இவ்வகை. மாட்டுவண்டிக்கும் நடைக்கும் அது போதும். ரயிலுக்கு ஒத்துவராது. எஞ்சினின் பெரும் பாரம் ஓரிடத்தில் குவிந்து நகர்ந்துகொண்டே போவதால் தொங்கும் பாதை அலைபோல் வளைந்துவிடும்.

மற்றது சட்டகப் பாலம். இரும்புத் துண்டுகளை முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்துச் சட்டகமாக்கித் தூண்களின் மேல் ஏற்றுவார்கள். நாற்கரம் நெளியும், முக்கோணம் நெளியாது. ஆகவே மேலே வரும் பாரம் சட்டகத்தின் வழியே தூண்களுக்கு இறங்கிவிடும். விக்டோரியா பாலம் இந்த வகையைச் சேர்ந்தது. இதன் சட்டகம் எஃகு, தூண்கள் செங்கல். மேலே ஒற்றை மீட்டர் பாதை, அதன் ஓரமாக ஆட்கள் நடந்துபோக ஒரு ஒடுங்கிய வழி.

பின்னணி

பேராக்கில் ரயிலைக் கொண்டுவந்தது ஈயம் (வெள்ளீயம்). மலாயாவின் முதல் ரயில், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு (இன்றைய கோல செபெத்தாங்) 1885 ஜூன் 1 அன்று ஓடத் தொடங்கியது. சுமார் 13 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். அது லாரூட் ஈயச் சுரங்கங்களுக்கான பாதை.

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் லாரூட்டை விஞ்சியபோது, தெற்கே இன்னொரு பாதை தெலுக் ஆன்சனிலிருந்து (தெலுக் இந்தான்) புறப்பட்டு 1895இல் ஈப்போவை எட்டியது. ஆக, ஒரே மாநிலத்தில் இரண்டு ரயில்பாதைகள் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. நடுவே ஆறும், பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் மலையும் இருந்தன. மலையைக் குகைப்பாதைகள் துளைத்தன, ஆற்றைக் காராய்ப் பாலம் கடந்தது. கிந்தாவின் ஈயம் வடக்கே பினாங்குத் துறைமுகத்தை நோக்கிப் போக வழி திறந்தது.

கட்டுமானம்

பேராக் அரசு ரயில்வே கட்டிய இப்பாலத்தை வடிவமைத்தவர் ஜி. டபிள்யூ. ஃபிரையர். களப் பொறியாளர் சி. ஆர். ஹான்சன். பேராக் சுல்தான் இட்ரிஸ் முர்ஷிதுல் ஆசாம் ஷா திறந்துவைத்தார். பெயர் விக்டோரியா அரசியாருடையது. மறு ஆண்டு, 1901இல், அரசியார் காலமானார். அதே ஆண்டில் பேராக் ரயில்வே, ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வேயில் இணைந்தது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை இடையறாத ரயில் ஓடியபோது, அதன் இன்றியமையாத கண்ணியாக நின்றது காராய்ப் பாலமே. 1926 இறுதியில் வந்த பெருவெள்ளத்தையும் அது தாங்கி நின்றது.

ரப்பரும் தமிழரும்

ஈயத்துக்காகக் கட்டிய பாலத்தை நீண்டநாள் வாழவைத்ததில் ரப்பருக்குப் பெரும் பங்கு உண்டு. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து பெருகிய பால்மரம், 1905க்குப் பிறகு சுங்கை சிப்புட் வட்டாரத்தைத் தோட்டங்களாக மாற்றியது. கங்காணிகளின் வழியே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே லயங்களில் குடியேறின. மலாயா ரயில்வேயிலும் பாதை போட்டவர்களும் பராமரித்தவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. நிலைய அலுவலர்களிலும் குமாஸ்தாக்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் நிறைந்திருந்தனர்.

பாதைக் கூலிகளில் ஒருவர் நீண்ட பிடி வைத்த சுத்தியலோடு தண்டவாளத்தை ஒட்டி நடந்துபோவார். தளர்ந்த ஆப்பைத் தட்டி இறுக்குவார். சிலிப்பர் கட்டை உளுத்திருந்தால் மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்வார். இந்த நடையை நம்பியே ஒவ்வொரு ரயிலும் பாலத்தில் ஏறியது. பொறியாளர்களின் பெயர்களோடு இந்த உழைப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் பாலத்தின் வரலாறு முழுமையாகும்.

இன்றைய நிலை

2002இல் அருகே எழுந்த கான்கிரீட் பாலத்துக்கு ரயில் மாறியது. பழைய பாலத்தின் ஓரவழியில் ஊர்மக்கள் நடந்தும் மோட்டார்சைக்கிளிலும் ஆற்றைக் கடக்கின்றனர்.