வீட்டு பியர் தயாரிப்புப் பொருட்கள் கடை

வீட்டு பியர் தயாரிப்புப் பொருட்கள் கடை என்பது வீட்டில் சொந்தப் பயன்பாட்டிற்காகப் பியர் தயாரிப்போருக்குத் தேவையான மூலப்பொருட்களையும் கருவிகளையும் விற்கும் சிறுதொழில் நிறுவனம் ஆகும். இக்கடைகள் ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் காணப்படுகின்றன. இவை பொதுவாக மதுவை விற்பதில்லை. மது உருவாவதற்கு முந்தைய பொருட்களையே விற்கின்றன.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அது நீக்கப்பட்டபின் வீட்டில் திராட்சை மது தயாரிக்க இடமளிக்கப்பட்டது. பியருக்கு அவ்வாறு அளிக்கப்படவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் 1979 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்து இக்குறையை நீக்கியது. இதன்படி ஒரு வயதுவந்தவர் ஆண்டிற்கு 100 கேலனும் (சுமார் 379 லிட்டர்), இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வயதுவந்தோர் உள்ள வீட்டினர் 200 கேலனும் வரியின்றித் தயாரிக்கலாம். அதனை விற்கக் கூடாது. எனினும் மாநிலச் சட்டங்கள் தனியானவை. 2013 இல் அலபாமா, மிசிசிப்பி ஆகியவை அனுமதித்த பின்னரே 50 மாநிலங்களிலும் இது சட்டபூர்வமானது.

ஐக்கிய இராச்சியத்தில் வீட்டுத் தயாரிப்பிற்கான உரிமக் கட்டாயம் 1963 இல் நீக்கப்பட்டது.

விற்கப்படும் பொருட்கள்

* மால்ட் - முளைக்க வைத்து உலர்த்திய வாற்கோதுமை. இதன் சாறு பாகாகவும் பொடியாகவும் கிடைக்கிறது.
* ஹாப்ஸ் - கசப்பும் மணமும் தரும் கொடியின் பூக்கள்.
* மதுவம் (ஈஸ்ட்) - சர்க்கரையை எரிசாராயமாகவும் கார்பனீரொக்சைட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்.
* கருவிகள் - நொதிக்கலன், காற்றடைப்பான், நீர்ம அடர்த்திமானி, புட்டி மூடிகள், கிருமிநீக்கிகள்.

இருப்புப் பராமரிப்பு

இத்தொழிலின் முதன்மையான இடர் பொருட்கள் கெடுவதாகும். அரைக்காத மால்ட் உலர்ந்த இடத்தில் பல மாதங்கள் தாங்கும். அரைத்தபின் விரைவில் தரம் குன்றும். எனவே பல கடைகள் ஆலை ஒன்றை வைத்து, வாங்குபவர் கேட்கும்போதே அரைத்துக் கொடுக்கின்றன. தானியத் தூசியில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருப்பதால் ஆலையை மதுவம் கையாளும் இடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஹாப்ஸ் காற்று நீக்கிய பைகளில் உறைகுளிரிலும், நீர்ம மதுவம் குளிர்பெட்டியிலும் வைக்கப்படும். நீர்ம மதுவம் குறுகிய ஆயுள் கொண்டது. விற்காமல் தங்கினால் முழு நட்டமாகும்.

வருவாய்

கருவிகள் ஒருமுறை வாங்கினால் நெடுநாள் உழைக்கும். ஆகவே மீண்டும் மீண்டும் வாங்கப்படும் மூலப்பொருட்களே தொடர் வருவாயைத் தருகின்றன. ஆனால் 5 கேலன் (சுமார் 19 லிட்டர்) பியருக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் மால்ட், சில பத்து கிராம் ஹாப்ஸ், ஒரு பொதி மதுவம் போதுமானவை. ஒவ்வொரு விற்பனையும் சிறிது என்பதால், அடிக்கடி திரும்பி வரும் வாடிக்கையாளர்கள் இல்லாமல் கடை நிலைக்க இயலாது. இதனால் தொடக்க நிலை வகுப்புகள் நடத்துதல், பிழைபோன பியருக்குக் காரணம் கூறுதல் போன்றவையும் தொழிலின் பகுதியாகின்றன. இணையவழி விற்பனையின் போட்டியைச் சிறுகடைகள் எதிர்கொள்வதும் பெரும்பாலும் இவ்வழியிலேயே ஆகும்.

குறிப்பிடத்தக்க கடைகள்

ஒரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் 1918 இல் தொடங்கப்பட்ட எஃப். எச். ஸ்டைன்பார்ட் அமெரிக்காவின் மிகப் பழைய இவ்வகைக் கடையாகக் கருதப்படுகிறது. கென் கிராஸ்மன் 1976 இல் கலிபோர்னியாவின் சிகோ நகரில் இத்தகைய கடை ஒன்றைத் திறந்தார். பின்னர் பால் கமூசியுடன் இணைந்து சியரா நெவாடா பியர் ஆலையை நிறுவினார். மினசோட்டாவில் 1993 இல் தோன்றிய நார்தர்ன் புரூவரை 2016 இல் பன்னாட்டு நிறுவனமான ஏபி இன்பெவ் வாங்கிப் பின்னர் விற்றுவிட்டது.

இவற்றையும் பார்க்க

* நொதித்தல்
* மதுவம்
* வாற்கோதுமை