தைத்த கலமும் அடுக்கிய கிண்ணங்களும்

1. ஆய்வுப் பொருள்

சிங்கப்பூர் ஆற்றங்கரையிலுள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில், சீனத் தாங் அரசமரபுக் காலக் கப்பற்சிதைவுக்கெனத் தனிக் கூடம் உண்டு. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலட்டை தேடி மூழ்கியவர்களின் கண்ணில் பட்ட கலம் அது. தென்கிழக்காசியக் கடல்வழியின் வரலாற்றை இக்கூடம் அந்த ஒரு கலத்தைக் கொண்டே பேசுகிறது. அங்கே முதலிடம் சரக்குக்கு. கலத்துக்கே அது உரியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. சரக்கு

மீட்கப்பட்டவை 60,000க்கும் மேல். பெரும்பகுதி சீனத்தின் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு இணையான தேதி பொறிக்கப்பட்டிருப்பதால், கலம் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது எனக் கொள்கிறோம். கிண்ணங்களைப் பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்தும் பல உடையாததற்கு அது ஒரு காரணம். சரக்கிலிருந்த எண்கோணப் பொற்கிண்ணத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால், அதை இங்கே விட்டுவிடலாம்.

3. கலம்

சரக்கு சீனத்தது, கலம் சீனத்ததன்று. பலகைகளில் துளையிட்டு, ஆணியின்றிக் கயிற்றால் தைத்திருந்தார்கள். அரபிக்கடலோரத்தில் வழங்கிய முறை இது. மரங்களில் சில ஆப்பிரிக்க வகை என்றும் அடையாளம் கண்டுள்ளனர். சீனத்துக்கும் மேற்காசியாவுக்கும் இடையே அக்காலத்திலேயே நேரடிக் கப்பலோட்டம் இருந்தது என்பதற்கு இதைவிட வலுவான பொருட்சான்று இல்லை. கிண்ணம் பத்துக் கை மாறியும் வந்து சேரலாம். தையல் அப்படியன்று, கட்டியவர்களின் கைப்பழக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தையல் என்றதும் வலுக்குறைவு என்று எண்ண வேண்டாம். சென்னையில் துறைமுகம் அமையுமுன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய மசூலாப் படகும் தைத்ததே. அலை அடித்தால் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். பெலித்துங் கலத்தை முன்மாதிரியாக வைத்து ஓமானில் தென்னைநார்க் கயிற்றால் தைத்த ‘மஸ்கட்டின் மணி’, 2010இல் பாய்விரித்துச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது.

4. அகழ்ந்த முறை

அகழ்ந்தது வணிக நிறுவனம். முதல் பருவத்தில் சரக்கெடுப்பே முதன்மை. 1999இல் நடந்த இரண்டாம் பருவத்தில்தான் தொல்லியலாளர் மைக்கேல் ஃபிளெக்கரின் மேற்பார்வையில் கலத்தின் அமைப்பு முறையாகப் பதிவாயிற்று. இந்தக் குறையைச் சுட்டி எழுந்த எதிர்ப்பால் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் கண்காட்சித் திட்டத்தைக் கைவிட்டது. எதிர்ப்பு நியாயமானது. ஆயினும் 2005இல் சிங்கப்பூர் ஏறத்தாழ 3.2 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சரக்கின் பெரும்பகுதியை ஒன்றாக வாங்கியதால்தான், அது ஏலக்கூடங்களில் சிதறாமல் தப்பியது. கடலடி மரபுச் சின்னங்களை வணிகமாக்குவதைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 2001இல்தான் நிறைவேறியது. அதற்குள் பெலித்துங்கில் அகழ்வு முடிந்துவிட்டிருந்தது.