காய்ந்த செடி கணினிக்குப் போன வழி

கல்லூரியில் தாவரவியல் எடுத்தவர்கள் யாரும் இதிலிருந்து தப்பியிருக்க முடியாது. ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போய்ப் பூவும் வேருமாகச் செடியைப் பிடுங்கி வர வேண்டும். பழைய செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே தடித்த புத்தகங்களை அடுக்கி, ஈரம் உறிஞ்சிய தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். காய்ந்ததும் கெட்டித் தாளில் ஒட்டி, வலப்பக்கக் கீழ் மூலையில் பெயர், குடும்பம், இடம், தேதி எழுதிக் கொடுத்தால் மதிப்பெண். இதுதான் ஹெர்பேரியம் ஷீட். மதிப்பெண் வாங்கியதும் நாம் மறந்துவிடுகிற இந்தத் தாளுக்கு உலகம் முழுக்கப் பெரிய குடும்பம் இருக்கிறது: 3,500க்கு மேற்பட்ட ஹெர்பேரியங்களில் ஏறக்குறைய 40 கோடித் தாள்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றும் வேலை கடந்த இருபது ஆண்டுகளாக நடக்கிறது. கேமரா முன்னால் வந்து நிற்பதற்குள் இந்தத் தாள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதலில் ஒட்டியவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் லூக்கா கீனி. இத்தாலியில் போலோன்யாவிலும் பிறகு பீசாவிலும் மருத்துவ மாணவர்களுக்கு மூலிகை பற்றிப் பாடம் நடத்தியவர். அந்தக் காலத்தில் மருந்து என்றாலே செடிதான். செடி தெரியாத வைத்தியர் எதைக் கொடுப்பார் என்று சொல்ல முடியாது. 1544 வாக்கில் பீசாவில் அவர் ஒரு தாவரத் தோட்டம் போட்டார். தோட்டம் கோடையில் பாடம் நடத்தும். பனிக்காலத்தில் என்ன செய்வது? செடியை நசுக்கிக் காயவைத்துக் காகிதத்தில் ஒட்டிவிட்டால் எந்த மாதத்திலும் பாடம் நடக்கும். சீனாவில் பிறந்து அரபு நாடுகள் வழியாக வந்த காகிதம் அதற்குள் இத்தாலியில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது; இல்லாவிட்டால் இந்த யோசனை யோசனையாகவே நின்றிருக்கும். கீனி தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் புத்தகம் எதுவும் போடவில்லை. அவர் ஒட்டிய தாள்களும் மிஞ்சவில்லை. மாணவர்கள் பார்த்துச் செய்ததால்தான் கலை பிழைத்தது. அவர்களில் ஒருவரான செசால்பினோ 1563இல் முடித்த தொகுப்பில் 768 செடிகள் இருக்கின்றன. அது இன்றும் புளோரன்ஸில் பத்திரமாக உள்ளது. இன்னொரு மாணவர் அல்ட்ரோவாண்டியின் தொகுப்பு போலோன்யாவிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்து ஹெர்பேரியம் தனித்தாள் அல்ல, தைத்துக் கட்டிய புத்தகம். புத்தகம் என்பதால் நூலகங்களைப் போலவே அதையும் கொள்ளையடிக்கலாம். ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர் லியோன்ஹார்ட் ரவுவொல்ஃப் 1573இல் மேற்காசியாவுக்குக் கிளம்பி, அலெப்போ, பாக்தாத் என்று சுற்றிச் செடி சேர்த்தார். காப்பி குடிக்கும் பழக்கத்தைப் பற்றி முதலில் அச்சில் எழுதிய ஐரோப்பியரும் இவரே. அவருடைய ஹெர்பேரியம் பவேரியக் கோமகனிடம் போய்ச் சேர்ந்தது. முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படை மியூனிக்கில் புகுந்தபோது, மற்ற செல்வங்களோடு அதையும் தூக்கிக்கொண்டு போனது. அங்கிருந்து அரசி கிறிஸ்டினாவின் கைக்கும், பிறகு ஐசக் வோசியுஸ் என்ற அறிஞரின் கைக்கும் மாறிக் கடைசியில் 1690இல் லைடன் பல்கலைக்கழகம் வோசியுஸின் நூலகத்தோடு சேர்த்து வாங்கியது. செடி பறிக்கப்பட்டது பாலைவன ஓரத்தில், கைமாறியதெல்லாம் அரண்மனைகளில்.

அதே லைடனில் அப்போது பேராசிரியராக இருந்தவர் பால் ஹெர்மன். 1670களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் இருந்தபோது, ஓய்வு நேரமெல்லாம் செடி சேர்த்தவர். அவர் 1695இல் இறந்த பிறகு இலங்கைச் செடித் தொகுதிகள் எங்கே போயின என்பதே தெரியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1744இல், கோபன்ஹேகனில் ஒரு மருந்தாளரிடம் அவை தலைகாட்டின. இவை என்ன செடிகள் என்று கேட்டு அவர் ஸ்வீடனில் இருந்த தாவரவியலாளர் லின்னேயஸுக்கு அனுப்பினார். அந்தத் தாள்களை வைத்துத்தான் 1747இல் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். அந்த மனிதர் இலங்கைப் பக்கமே வந்ததில்லை! இன்று நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பல செடிகளின் அறிவியல் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று சண்டை வந்தால், தீர்ப்புக்கு ஹெர்மன் ஒட்டிய தாளைத்தான் பார்க்கிறார்கள். அது இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்திலும் பார்க்கலாம்.

கிட்டத்தட்ட ஹெர்மனின் காலத்திலேயே நம் பக்கத்திலும் இந்த வியாபாரம் சூடு பிடித்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், 1690களில் சுற்றுவட்டாரச் செடிகளைக் காயவைத்து, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் விசாரித்து எழுதி லண்டனுக்குக் கப்பலேற்றினார். ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் அதை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். பெட்டிவர் வினோதமான ஆசாமி. கடையை விட்டு அதிகம் நகராமல், கப்பல் மருத்துவர்களுக்கும் மாலுமிகளுக்கும் கடிதம் எழுதியே உலகத்துச் செடிகளைத் தன் வீட்டுக்கு வரவழைத்தவர். அவர் இறந்ததும் அந்தக் குவியலை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அஸ்திவாரமானது ஸ்லோனின் சேகரிப்புதான். பெயர்களைச் சொல்லிக் கொடுத்த சென்னை வைத்தியர்கள் யார் என்பதை மட்டும் யாரும் பதிவு செய்யவில்லை.

இந்தக் கதையில் மிகப் பெரிய திருப்பம் எது என்று கேட்டால், கேமராவையோ கணினியையோ நான் சொல்ல மாட்டேன். தையலைப் பிரித்ததைத்தான் சொல்வேன். புத்தகமாகக் கட்டிய ஹெர்பேரியத்தில் புதிதாக ஒரு செடி வந்தால் அதை இனத்தோடு சேர்க்க வழியில்லை. கடைசிப் பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். லின்னேயஸ் தாள்களைக் கட்டாமல் விட்டார். ஒரு தாளில் ஒரே செடி. தாள்கள் படுக்கவைத்த நிலையில் ஒரு மர அலமாரியின் அறைகளுக்குள். எந்தத் தாளையும் எடுக்கலாம், இடம் மாற்றலாம், நடுவில் செருகலாம். 1751இல் எழுதிய நூலில் அந்த அலமாரியை எப்படிச் செய்ய வேண்டும் என்றே விளக்கியிருக்கிறார். ஒரு தாள், ஒரு பார்கோடு, ஒரு படம் என்று இன்று எந்தப் பல்கலைக்கழகமும் வேலையைத் தொடங்க முடிகிறதென்றால் அது அந்த அலமாரியின் உபயம்.

அந்த அலமாரியும் விலைக்குப் போனது. லின்னேயஸும் அவர் மகனும் இறந்தபின், குடும்பத்தார் மொத்தத்தையும் லண்டனில் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு விலை பேசினார்கள். பேங்க்ஸ் தனக்கு வேண்டாம் என்று கடிதத்தைப் பக்கத்தில் இருந்த இளைஞனிடம் நீட்டினார். ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற அந்த மருத்துவ மாணவர் அப்பாவிடம் பணம் கேட்டு, 1,000 கினிக்கு வாங்கிவிட்டார். 1784இல் பெட்டிகள் கப்பலேறின. ஸ்வீடன் அரசர் போர்க்கப்பலை விட்டுத் துரத்தினார் என்று பிற்காலத்தில் ஒரு கதை கட்டி, அதற்குப் படமும் வரைந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஸ்வீடன்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் இருந்தது உண்மை. அந்தத் தாள்கள் லண்டன் லின்னேயன் சொசைட்டியிடம் இருக்கின்றன. இப்போது ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்தபடியே இணையத்தில் அவற்றைத் திறக்கலாம்.

தனித்தாள் வந்த பிறகு இன்னொரு வசதியும் பெருகியது: ஒரே செடியிலிருந்து நாலைந்து கிளை ஒடித்து, நாலைந்து தாளில் ஒட்டி, நாலைந்து ஊருக்கு அனுப்பலாம். தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த மிஷனரி ரோட்லர் இதில் கைதேர்ந்தவர். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவரும் அவர்தான். வேப்பேரியில் 1836இல் அவர் இறந்தபின், அவருடைய செடிகள் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து 1870களில் லண்டனிலேயே உள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குப் போயின. சென்னை ராணுவத்தில் அறுவை மருத்துவராகச் சேர்ந்த ராபர்ட் வைட், பிற்பாடு கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணையை நடத்தியவர். உள்ளூர் ஆட்களை வைத்துத் தென்னிந்தியா முழுக்கச் செடி சேர்த்தார். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் அவற்றை வரைந்தார்கள். வைட்டின் மிகுதித் தாள்களைக் கியூ 1866–67இல் பல நாடுகளுக்குப் பங்கிட்டது. அச்சடித்த அந்தச் சீட்டுகளில் பலவற்றில் இடம் என்ற கட்டத்தில் இருப்பது ‘இந்தியத் தீபகற்பம்’ மட்டுமே. கன்னியாகுமரியா, குண்டூரா? கணினி வரைபடத்தில் புள்ளி வைக்க உட்காருகிறவருக்குத் தலைவலி அங்கே ஆரம்பம்.

இப்படிப் பிரதி அனுப்பியது எவ்வளவு நல்லது என்பது இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. 1943 மார்ச் மாதம் முதல் தேதி இரவு பெர்லின் டாலெம் ஹெர்பேரியத்தின் மீது குண்டு விழுந்தது. ஏறக்குறைய 40 லட்சம் தாள்களில் பெரும்பகுதி சாம்பல். அவற்றில் பல, ஒரு செடிக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது சாட்சியாக வைக்கப்பட்ட மூல மாதிரிகள், வேறெங்கும் இல்லாதவை. ஆனால் 1929இல் சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தைச் சேர்ந்த மெக்பிரைட் என்பவர் ஒரு கேமராவோடு பெர்லினுக்கு வந்திருந்தார். தென்னமெரிக்கச் செடிகளை ஆராய ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிக் கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம். பத்தாண்டுகளில் பல நகரங்களில் ஏறத்தாழ 40,000 கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார்கள். கப்பல் செலவை மிச்சம் பிடிக்க எடுத்த படம், பல செடிகளுக்கு இன்று ஒரே சாட்சி. 1945இல் எரிந்துபோன மணிலா ஹெர்பேரியத்தை மீட்கக் கைகொடுத்தவை பிரதிகள்: தாவரவியலாளர் எல்மர் மெரில் முன்பு ஊர் ஊராக அனுப்பியிருந்த பிரதிகளில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

2000களின் தொடக்கத்தில் ஸ்கேனர் வந்தது. வந்ததுமே ஒரு சிக்கல். சாதாரண ஸ்கேனரில் தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இருநூறு வயதுச் செடியைக் கவிழ்த்தால் இதழும் விதையும் உதிர்ந்துவிடும். கியூவில் இதற்கு எளிய வழி கண்டார்கள். தாளை அசைக்கவில்லை, ஸ்கேனரைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். செடி முகம் மேலே பார்த்தபடி ஒரு மெத்தைப் பலகையில் படுத்திருக்கும். பலகை மெல்ல உயர்ந்து கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பக்கத்தில் ஒரு அளவுகோல், ஒரு நிற அட்டை, மூலையில் பார்கோடு. ஒரு படத்தின் எடை 200 எம்பி வரை வரும். இலையில் உள்ள மயிரை எண்ணலாம். ஆப்பிரிக்கச் செடிகளின் மூல மாதிரிகளுக்காக மெல்லன் அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கிய வேலை இது. பிறகு இந்த வேலை 70க்கு மேற்பட்ட நாடுகளின் ஹெர்பேரியங்களை இணைத்த பெருந்திட்டமாக விரிந்தது.

மூல மாதிரிகளுக்கு அந்த நிதானம் பொருந்தியது. லட்சக்கணக்கான சாதாரணத் தாள்களுக்கு அது ஒத்துவரவில்லை. பாரிஸ் அருங்காட்சியகம் கட்டடத்தைப் பழுதுபார்க்கத் தாள்களை எப்படியும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததுதான் எடுத்தோம், படமும் பிடித்துவிடுவோம் என்று இறங்கி, 50 லட்சத்துக்கு மேல் முடித்தார்கள். லைடனில், ரவுவொல்ஃபின் செடிகள் இருக்கும் அதே ஊரில், தொழிற்சாலைபோல ஓடும் பட்டையில் தாள்களை வரிசையாக வைத்து 40 லட்சத்தைத் தாண்டினார்கள்.

படம் இருக்கிறதே, தாள் எதற்கு என்ற கேள்வி இப்போது எழுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: தாள் வேண்டும். 1987இல் கேம்பிரிட்ஜில் வுட்வார்ட் என்ற ஆய்வாளர், 200 ஆண்டுகளாகச் சேர்ந்த மர இலைகளை நுண்ணோக்கியில் வைத்து இலைத்துளைகளை எண்ணினார். துளைகள் சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தன. காற்றில் கரியமில வாயு கூடியதன் விளைவு அது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோய்க்கிருமியின் மரபணுவை 2013இல் பழைய தாள்களில் இருந்துதான் பிரித்தெடுத்தார்கள். அந்தச் செடிகளை ஒட்டியவர்களுக்கு மரபணு என்ற சொல்லே தெரியாது. படத்திலிருந்து மரபணு எடுக்க முடியாது.

ஆனாலும் தாள் எளிதில் போய்விடும் பொருள். 2017இல் பாரிஸிலிருந்து பிரிஸ்பேனுக்கு இரவலாகப் போன 105 பழைய தாள்களை, காகிதக் குளறுபடியால் ஆஸ்திரேலியத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் கொளுத்திவிட்டார்கள். உறையில் எழுதியிருந்த மதிப்பு 2 டாலர். அதே ஆண்டு அமெரிக்காவில் லூசியானா பல்கலைக்கழகத்தின் மன்ரோ வளாகத்தில், ஓட்டப்பந்தயத் திடலுக்கு இடம் தேவைப்பட்டு, ஏறக்குறைய ஐந்து லட்சம் தாள்களை வெளியேற்றச் சொன்னார்கள். டெக்சாஸில் ஒரு தாவர ஆய்வு நிறுவனம் ஏற்றுக்கொண்டதால் அவை பிழைத்தன. 2024இல் டியூக் பல்கலைக்கழகம் 1921இல் தொடங்கிய, 8,25,000 மாதிரிகள் உள்ள தன் ஹெர்பேரியத்தைக் கைவிடப்போவதாக அறிவித்தது.

இந்தியத் தாவர ஆய்வுத் துறை 2022இல் தன் தாள்களை இணையத்தில் திறந்தது. அந்தத் துறையின் கோவைக் கிளையில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள், பழைய மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. படம்பிடிப்பது இப்போது பாதி வேலைகூட இல்லை. ஒரு தாளைப் படமெடுக்கச் சில நொடி; அதன் சீட்டில் உள்ள கிறுக்கல் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யத்தான் நேரம் போகிறது. பிரான்ஸில் 2012 முதல் ஓய்வுபெற்றவர்களும் மாணவர்களும் வீட்டிலிருந்தே சீட்டுகளைப் படித்துக் கொடுக்கிறார்கள். இருவர் படித்தது ஒத்துப்போனால்தான் ஏற்பு. நம் பக்கத்துச் சீட்டுகளுக்கு, ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அடையாளம் காணும் தமிழ்க் கண் வேண்டும்.

படித்து முடித்த சில சீட்டுகளில் இடத்தை மட்டும் மறைத்தும் வைக்கிறார்கள். அரிய ஆர்க்கிட் எந்த மலைச்சரிவில் பூக்கிறது என்று எழுதிவிட்டால், ஆய்வாளருக்கு முன்னால் திருடன் போய்ச் சேர்ந்துவிடுவான். அந்தச் செடிகளுக்குப் படம், பெயர், ஆண்டு எல்லாம் திரையில் வரும். ஊர் வேண்டுமென்றால் காரணம் சொல்லிக் கடிதம் எழுத வேண்டும்.