மாநகரின் மானியமும் மக்கள் கலையும்: பேரிலண்டன் மாநகர சபையின் அனுபவம், 1981–1986

கலைகளின் புரவலர் யார் என்பது கலை வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். ஒரு காலத்தில் அரசவையும் கோயிலும் புரவலர்களாக விளங்கின. முதலாளித்துவ சமூகத்தின் எழுச்சியுடன் அவ்விடத்தைச் சந்தை பெரும்பாலும் கைப்பற்றிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வரிப்பணத்தைக் கொண்டு அரசே புரவலராகும் நிலை மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் உருவாயிற்று. ஆனால் புரவலர் மாறியதனால் மாத்திரம் கலைக்கும் மக்களுக்குமிடையிலான உறவு மாறிவிடுவதில்லை. வரிப்பணம் மக்களுடையது, அதனை எவருக்கு, எந்நிபந்தனையின்பேரில் வழங்குவது என்னும் தீர்மானம் எவருடையது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. இவ்வினாவுக்கு விடை தேட முயன்ற உள்ளூராட்சி நிறுவனங்களுள் 1981 முதல் 1986 வரை தொழிற் கட்சியின் நிருவாகத்திலிருந்த பேரிலண்டன் மாநகர சபை முக்கியமான ஒன்றாகும். அதன் சாதனைகளையும் அவற்றுக்குள்ளேயே பொதிந்திருந்த முரண்பாடுகளையும் வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பின்னணி

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1940 இல், இசைக்கும் கலைகளுக்கும் ஊக்கமளிப்பதற்கென ஒரு சபை பிரித்தானியாவில் நிறுவப்பட்டது. அது தொழிற்சாலை உணவுச்சாலைகளிலும் சிற்றூர் மண்டபங்களிலும் இசை நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்தது. தாமே நடித்தும் பாடியும் மகிழும் சாதாரண மக்களையும் தன் கவனத்திற் கொண்டிருந்தது. அதன் வழிவந்த பிரித்தானியக் கலைக் கழகம் 1946 இல் அரச பட்டயம் பெற்றபோது இந்நிலை மாறத் தொடங்கிற்று. பொருளியலறிஞர் கெயின்ஸ் வகுத்த பாதையில், தொழில்முறைக் கலைஞர்களின் உயர்தரப் படைப்புகளைப் பேணுதலே முதன்மைக் கடமை என்ற கருத்து மேலோங்கியது. 1956 அளவில் கலைக் கழகம் தன் பிராந்திய அலுவலகங்களை மூடிவிட்டது. கொவன்ற் காடின் றோயல் ஒப்பேரா போன்ற ஒரு சில பெரு நிறுவனங்கள் அதன் நிதியிற் பெரும் பங்கைப் பெற்றுவந்தன. அரசிடமிருந்து 'கையெட்டும் தூரத்தில்' நின்று சுதந்திரமாக இயங்கும் நிறுவனம் எனக் கழகம் தன்னை வருணித்துக்கொண்டது. ஆனால் அதன் உறுப்பினர்கள் அமைச்சரால் நியமிக்கப்பட்டவர்களே. 1976 முதல் 1978 வரை அதில் உறுப்பினராகப் பணியாற்றிய றேமண்ட் வில்லியம்ஸ், இத்தகைய நியமன முறை ஆளும் குழாத்தினரின் இணக்கத்தையே மறுவுற்பத்தி செய்கின்றது எனப் பின்னர் விமர்சித்தமை மனங்கொள்ளத்தக்கது.

1960களின் பிற்பகுதியில் இந்நிலைக்கு எதிரான இயக்கமொன்று தோன்றிற்று. கலையை மக்களிடம் கொண்டு செல்வதன்று, மக்களே கலையை ஆக்குவது என்பதே அதன் மூலக்கருத்து. சமுதாயக் கலை எனப் பெயர்பெற்ற இவ்வியக்கத்தினர் தெருவோர நாடகம், சுவரோவியம், பொது அச்சுக்கூடம், ஒளிப்படம், காணொளி ஆகியவற்றைத் தம் ஊடகங்களாகக் கொண்டனர். 1968 இல் தொடங்கப்பட்ட இன்ரர்-அக்சன், 1974 இல் தோன்றிய பாடிங்ரன் அச்சுக்கூடம், 1975 இல் உருவான கிறீனிச் சுவரோவியப் பட்டறை ஆகியன இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. அச்சுக்கூடத்துக்கு வரும் வாடகைக் குடியிருப்பாளர் சங்கம் தனது சுவரொட்டியைத் தானே வரைந்து தானே அச்சிடக் கற்றுக்கொண்டது. கலைஞன் இங்கு படைப்பின் உரிமையாளனாக அன்றி, திறனைப் பகிர்ந்துகொள்ளும் சக தொழிலாளியாக நின்றான்.

இவ்வியக்கத்தை ஆராய்வதற்குக் கலைக் கழகம் பேராசிரியர் போல்ட்றியின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 1974 இல் வெளியான அதன் அறிக்கை, சமுதாயக் கலைஞரை ஏனையோரிடமிருந்து வேறுபடுத்துவது அவர் கையாளும் உத்தியன்று, சமூகத்தில் தம் பணிக்குரிய இடம்பற்றிய அவரது நோக்கே எனச் சரியாகவே இனங்கண்டது. கழகமும் சிறு தொகையொன்றைப் பரீட்சார்த்தமாக ஒதுக்கிற்று. ஆனால் சில ஆண்டுகளுள் அப்பொறுப்பைப் பிராந்தியக் கலைச் சங்கங்களிடம் கையளித்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டது. சமுதாயக் கலை மையத்துக்குரியதன்று, விளிம்புக்குரியது என்பதே அச்செயலின் உட்பொருளாகும்.

2. மாநகர சபையின் புதிய கொள்கை

பேரிலண்டன் மாநகர சபை 1965 ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. முப்பத்திரண்டு நகரப் பிரிவுகளையும் பழைய சிற்றியையும் உள்ளடக்கிய, 65 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பெருநகரின் பொது ஆட்சி நிறுவனம் அது. 1981 மே மாதத் தேர்தலில் தொழிற் கட்சி வென்றதும், அக்கட்சியின் இடதுசாரிப் பிரிவைச் சேர்ந்த கென் லிவிங்ஸ்ரன் சபையின் தலைவரானார். மார்கரட் தச்சரின் அரசாங்கம் பொதுச் செலவைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1982 இன் தொடக்கத்தில் நாட்டில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. 1981 ஏப்பிரலில் பிறிக்ஸ்ரனில் கறுப்பின இளைஞருக்கும் பொலிசாருக்குமிடையே மோதல்கள் வெடித்திருந்தன.

இச்சூழலில், 1981 முதல் 1983 வரை கலை, பொழுதுபோக்குக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ரொனி பாங்ஸ், கலைக்கொள்கையை அரசியற் கொள்கையின் ஓர் அங்கமாக வெளிப்படையாகவே பிரகடனஞ் செய்தார். சமுதாயக் கலைகளுக்கென ஓர் உபகுழுவும், சிறுபான்மை இனத்தவரின் கலைகளுக்கென மற்றொரு உபகுழுவும் அமைக்கப்பட்டன. சமுதாயக் கலை இயக்கத்தில் அனுபவம் பெற்றவர்கள் அலுவலர்களாகவும் ஆலோசகர்களாகவும் உள்வாங்கப்பட்டனர். மானியம் வழங்குவோருக்கும் பெறுவோருக்குமிடையே நிலவிய சமூக இடைவெளி இதனால் ஓரளவு குறைந்தது. 1983 இல் றோயல் பெஸ்ரிவல் மண்டபத்தின் முன்கூடங்கள், நுழைவுச்சீட்டு வாங்காதோருக்கும் பகல் முழுவதும் திறந்துவிடப்பட்டன. அதே ஆண்டு சமாதான ஆண்டாகவும், 1984 இனவாத எதிர்ப்பு ஆண்டாகவும் அனுட்டிக்கப்பட்டன. 1983 இல் ஹக்னியில் நடைபெற்ற சமாதான ஊர்வலத்தைச் சித்திரிக்கும் பெருஞ் சுவரோவியம் சபையின் ஆதரவுடன் உருவாகி 1985 இல் நிறைவுற்றது. டல்ஸ்ரனில் அது இன்றும் நிற்கின்றது.

எனினும் இப்புதிய கொள்கையின் அளவை மிகைப்படுத்தல் ஆகாது. சபையின் கலைச் செலவிற் பெரும் பகுதி தொடர்ந்தும் தென்கரைக் கலையரங்குகளுக்கும் தேசிய அரங்கு போன்ற பெரு நிறுவனங்களுக்குமே சென்றது. பழைய கொடைகள் பெரும்பாலும் அப்படியே இருக்க, அவற்றின் அருகே புதியதொரு வாயில் திறக்கப்பட்டது. பத்திரிகைகளின் பெருஞ் சீற்றத்துக்கு இலக்கானது அச்சிறு வாயிலே என்பது, தகராறு பணத்தின் தொகை பற்றியதன்று, தகுதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் பற்றியது என்பதைப் புலப்படுத்துகின்றது.

3. துறைமுகப் பகுதியின் உதாரணம்

மானியம் எவ்வாறு மக்கள் பங்குபற்றும் கலையாக மாறக்கூடும் என்பதற்கு இலண்டன் துறைமுகப் பகுதியில் 1981 இல் தோன்றிய சமுதாயச் சுவரொட்டித் திட்டம் சிறந்த சான்றாகும். 1960களின் இறுதி முதல் இலண்டன் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன. 1981 இல் றோயல் துறைகளும் மூடப்பட்டன. அவ்வாண்டே மத்திய அரசு அப்பகுதிக்கென ஓர் அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, திட்டமிடும் அதிகாரத்தை உள்ளூராட்சிச் சபைகளிடமிருந்து பறித்து அதனிடம் ஒப்படைத்தது. தொழிலையும் விரைவில் வீட்டையும் இழக்கவிருந்த மக்களுக்கு, தங்கள் நிலத்துக்கு நேர்வது யாது என்பதை அறிவதற்கே வழி இருக்கவில்லை.

பீற்றர் டன், லொறெய்ன் லீசன் என்னும் கலைஞர்கள், குடியிருப்பாளர் அமைப்புகளினதும் செயற்குழுக்களினதும் பிரதிநிதிகள் அடங்கிய நெறிப்படுத்தற் குழு ஒன்றின் வழிகாட்டலில் பணியாற்றினர். மாநகர சபையின் நிதி அவர்களுக்குத் துணைநின்றது. 18 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட ஒளிப்படச் சுவரோவியங்கள் தெருக்களில் நிறுத்தப்பட்டன. ஓவியம் முழுவதையும் ஒரே நாளில் அகற்றி வேறொன்றை வைப்பதற்குப் பதிலாக, அதன் பகுதிகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. இதனால் துறைமுகத்தின் கதை, தெருவால் நாள்தோறும் செல்லும் மக்களின் கண்முன் மெல்ல மெல்ல விரிந்தது. எவ்விடயத்தைச் சொல்வது என்பதை நெறிப்படுத்தற் குழுவே விவாதித்து முடிவுசெய்தது. 1984, 1985, 1986 ஆம் ஆண்டுகளில் அப்பகுதி மக்கள் தேம்ஸ் நதிவழியே படகுகளில் பாராளுமன்றம் நோக்கிச் சென்ற பேரணிகளுக்குரிய கொடிகளும் பதாகைகளும் இத்தொடர்பினூடாகவே உருவாகின. இங்கு கலை போராட்டத்தின் அலங்காரமாக அன்றி அதன் உறுப்பாகவே இயங்கியது. பணத்தை மாநகரம் கொடுத்தது. பொருளை மக்கள் தீர்மானித்தனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடாது நின்றமையே அத்திட்டத்தின் சிறப்பு.

4. உள்முரண்பாடுகள்

ஆனால் எல்லா இடத்தும் இச்சமநிலை கைகூடவில்லை. மானியம் பெறுவதற்கு ஒரு குழு யாப்பையும் முகாமைக் குழுவையும் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகளையும் கொண்டிருத்தல் வேண்டும். பொதுப் பணத்துக்குப் பொறுப்புக் கூறுதல் அவசியமே. ஆயினும் விண்ணப்பப் படிவத்தின் மொழி நாளடைவில் குழுவின் சிந்தனை மொழியாகவும் மாறியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய கொடையை நம்பி வாழும் அமைப்பு, தன் அயலவரை நோக்குவதிலும் பார்க்க அலுவலரையே அதிகம் நோக்கத் தலைப்படும். இவ்வியக்கத்தில் நேரடியாகப் பணியாற்றிய ஓவென் கெலி 1984 இல் வெளியிட்ட நூலில், சமுதாயக் கலைஞர்கள் தமக்கெனக் கோட்பாடொன்றை உருவாக்கத் தவறியமையால் மானியம் வழங்குவோரின் வரையறைகளுக்குள்ளேயே தம்மை இனங்காணும் நிலைக்குத் தள்ளப்பட்டனர் என வாதிட்டார்.

சிறுபான்மை இனத்தவரின் கலை தொடர்பான முரண்பாடு இதனிலும் கூர்மையானது. சபையின் உதவி கறுப்பின, ஆசியக் கலைஞர்களுக்கு அதுகாறும் கிட்டாத வாய்ப்பை அளித்தது என்பதை மறுத்தல் இயலாது. பிளாக் ஓடியோ, சங்கொபா போன்ற திரைப்படக் கூட்டுக்குழுக்கள் அவ்வாதரவைப் பெற்று வளர்ந்தவை. ஆனால் கொழும்பிற் பிறந்து 1958 இல் இலண்டனுக்குப் புலம்பெயர்ந்தவரும் இன உறவுகள் நிறுவகத்தின் பணிப்பாளருமாகிய அ. சிவானந்தன், சபையின் சிறுபான்மை இனங்களுக்கான பிரிவு 1983 மார்ச்சில் கூட்டிய கலந்துரையாடலிலேயே ஓர் எச்சரிக்கையை முன்வைத்தார். 'கறுப்பு' என்பது தோலின் நிறமன்று, அரசியலின் நிறம் என்று அவர் கருதினார். ஆபிரிக்க, கரிபிய, ஆசிய மக்கள் இனவாதத்துக்கு எதிராகப் போராடிப் பெற்ற அவ்வொற்றுமை, இனவாரியாகப் பிரிக்கப்பட்ட மானியங்களுக்கான போட்டியிற் சிதறிவிடும் என்பதே அவரது வாதத்தின் சாரம். இனவாதம் என்ற கட்டமைப்புப் பிரச்சினை, பண்பாட்டுத் தேவை என்ற நிருவாகப் பிரச்சினையாக உருமாற்றப்படும் அபாயத்தை அவர் இனங்கண்டிருந்தார்.

மூன்றாவது முரண்பாடு பொருளாதார அடிப்படையிலானது. பெரும்பான்மை மக்கள் பண்பாட்டை மானியம் பெறும் அரங்குகளிலன்றி, இசைத்தட்டு, தொலைக்காட்சி, சஞ்சிகை ஆகிய சந்தைப் பொருள்களின் வாயிலாகவே பெறுகின்றனர் என நிக்கொலஸ் கார்ணம் 1983 இல் சபைக்கென எழுதிய ஆய்வில் எடுத்துக்காட்டினார். ஆகவே, விநியோக வழிகளில் பொது முதலீடு செய்தல் வேண்டும் என்ற கொள்கை உருவாயிற்று. சந்தையைப் பொதுநலனுக்குக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். ஆனால் 1998 இல் பிளேயரின் அரசாங்கம் 'படைப்பாக்கத் தொழில்கள்' பற்றிய ஆவணத்தை வெளியிட்டபோது, இதனோடு உறவுடைய சொற்கள் சந்தையைப் போற்றுவதற்கே பயன்பட்டன.

5. கலைப்பும் அதன் பாடமும்

1985 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தினால் பேரிலண்டன் மாநகர சபை கலைக்கப்பட்டது. 1986 மார்ச் 31 ஆம் திகதி நள்ளிரவுடன் அது மறைந்தது. தென்கரை அரங்குகள் கலைக் கழகத்தின் பொறுப்பாயின. தன்னார்வ அமைப்புகளுக்கென அச்சட்டத்தின் 48 ஆம் பிரிவின் கீழ் ரிச்மண்ட் நகரப் பிரிவின் நிருவாகத்தில் பொது மானியத் திட்டமொன்று அமைக்கப்பட்டது. ஆனால் அதன் மொத்தச் செலவுக்கு நகரப் பிரிவுகளில் மூன்றில் இரண்டு பங்கின் சம்மதம் தேவைப்பட்டது. பெரு நிறுவனங்களுக்கு மாற்று ஏற்பாடு உறுதியாகக் கிடைக்க, சிறு குழுக்கள் பல நிச்சயமின்மைக்குள் தள்ளப்பட்டன.

இவ்வீழ்ச்சிக்குத் தச்சர் அரசாங்கத்தின் பகைமை மாத்திரமே காரணம் எனக் கூறுதல் முழு உண்மையாகாது. 1964 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பொது நூலகச் சேவை வழங்குதல் உள்ளூராட்சியின் கடமை. கலைக்கு அத்தகைய நிலை இல்லை. 1948 ஆம் ஆண்டின் சட்டம் கலை நிகழ்ச்சிகளுக்கு ஆதனவரியில் ஒரு பவுணுக்கு 6 பென்ஸ் வரை செலவிடலாம் என்றது. 1972 ஆம் ஆண்டின் சட்டத்தின் 145 ஆம் பிரிவு அவ்வரம்பின்றி அனுமதி தந்தது. இரண்டும் 'செலவிடலாம்' என்றனவேயன்றி 'செலவிட வேண்டும்' என்று கூறவில்லை. மாநகர சபையின் புதுமைகள் அனைத்தும் இந்த அனுமதியின் மேலேயே கட்டப்பட்டன. விரும்பிக் கொடுத்த சபை போனபோது கேட்டுப் பெறுவதற்கான உரிமையும் உடன் போயிற்று. 2000 இல் இலண்டனுக்கு மீண்டும் ஒரு நகர ஆட்சி கிடைத்தது. லிவிங்ஸ்ரனே அதன் முதல் மேயரானார். பண்பாட்டுத் தந்திரோபாயம் ஒன்றை வகுப்பது மேயரின் சட்டக் கடமையாயிற்று. ஆனால் மக்கள் கலைக்கு நிதி வழங்குதல் அவ்வாறு கடமையாக்கப்படவில்லை.

எனவே, அரச மானியம் மக்கள் கலையைக் கெடுத்துவிடும் என்ற தூய்மைவாதமும், மானியத்தைப் பெருக்கினாற் போதும் என்ற நிருவாகவாதமும் இவ்வரலாற்றின் முன் நிற்கமாட்டா. மானியமின்றித் துறைமுகத்தின் அப்பெருஞ் சுவரோவியங்கள் தெருவுக்கு வந்திருத்தல் அரிது. அம்மக்களின் நெறிப்படுத்தற் குழு இன்றேல் அவை வெறும் விளம்பரப் பலகைகளாகவே இருந்திருக்கும். பணம் உரிமையாகவும் தீர்மானம் மக்களுடையதாகவும் அமையும்போதே பங்குபற்றுதல் என்ற சொல் பொருள் பெறும். இலண்டன் இரண்டாவதைச் சில இடங்களிற் சாதித்துக் காட்டியது. முதலாவதைச் சட்டமாக்க முன்னரே அதன் காலம் முடிந்தது.