பேனும் பழியும்

மாலை மயங்கும் நேரம். தேவாரத்துத் திண்ணையில், ஏலத்தோட்டத்திலே பகலெல்லாம் குனிந்து காய் பறித்துத் திரும்பிய தாய், மகள் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்க்கிறாள். அச் சிறுமியைத்தான் 'பேன்தலை' என்று ஏசுகின்றனர். பிறந்த குடியின் அழுக்கு என்கின்றனர்! வரலாறு என்ன கூறுகிறது, தோழர்களே?

கரிகாலனைப் போற்றிய பொருநராற்றுப்படையில், வறிய பொருநனின் கந்தலையும் அதில் குடியேறிய ஈரையும் பேனையும் முடத்தாமக்கண்ணியார் மறைக்காது பாடினார். முன்வினைப் பயன் என்று அவர் முடிக்கவில்லை. மன்னன் கந்தலைக் களைந்து புத்தாடை அளித்தான் என்றார். ஆடைப்பேன் வறுமையின் துணைவன். கொடிய டைபசுக் காய்ச்சலைப் பரப்புவதும் அதுவே என்று 1909இல் சார்லசு நிக்கோல் கண்டறிந்தார்.

தலைப்பேனோ ஏழை, செல்வன் பாராது. இன்றைய இசுரேலிலுள்ள லாக்கீசில் ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையான தந்தச் சீப்பு கிடைத்தது. அதில் பொறித்திருந்த வாசகம் 2022இல் வெளியாயிற்று: தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேன் ஒழியட்டுமாம்! கானானிய எழுத்தில் நாம் அறிந்த முதல் முழு வாக்கியம் அது; பேசுவதோ பேனைப் பற்றி! தந்தச் சீப்பு வாங்கத்தக்க சீமான் தாடியிலும் பேன் இருந்திருக்கிறது.

பேனுக்குச் சிறகில்லை, தாவவும் தெரியாது. தலையோடு தலை உரசினால் ஊர்ந்து செல்லும். கழுவிய கூந்தலிலும் வாழும். ஈர் 7 முதல் 10 நாளில் பொரிக்கும். எனவே ஒருநாள் வாரினால் போதாது. ஈரத்தலையில் நான்கு நாளுக்கொருமுறை, இரண்டு வாரமேனும் பேன் சீப்பை இழுக்க வேண்டும். வீட்டில் பேனுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில்.