வருகைப் பதிவேட்டு வரிசையில் பெயர் பெற்ற நோய்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். ஒரே பீரியடில் மூன்று முறை "சார், வெளியே போகணும்" என்று எழுந்து நிற்பான். பாடத்துக்குப் பயந்து சாக்குச் சொல்கிறான் என்று நினைத்து, பல நாள் நான் விடவில்லை. கல்லூரியில் படிக்கும்போதுதான் அவனுக்குக் 'குரோன் நோய்' என்று தெரிந்ததாம். சிறுகுடலிலும் பெருங்குடலிலும் புண்ணும் வீக்கமும் வந்து, அடங்கி, மறுபடி வரும் நோய். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1913இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் கென்னடி டால்சீல், குடல் சுவர் தடித்துப்போன சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்தக் குடலை விறைத்துப்போன விலாங்கு மீனுக்கு ஒப்பிட்டார். பார்க்கக் காசநோய் போலிருந்தது; ஆனால் காசநோய்க் கிருமி இல்லை. அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வந்தது. அவர் கட்டுரையைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் மருத்துவர்கள் மூவர், 14 நோயாளிகளை ஆராய்ந்து, இது காசநோய் அல்ல, தனி நோய் என்று எழுதினார்கள். குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்று ஆங்கில அகரவரிசையில் பெயர்களைப் போட்டார்கள். நம் வருகைப் பதிவேடு மாதிரிதான்! முதல் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. அந்த நோயாளிகளுக்கு அறுவை செய்த பெர்க் என்பவர், கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்றாராம். சம்மதித்திருந்தால் இன்று இது 'பெர்க் நோய்' ஆகியிருக்கும்.

1956இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே இந்த நோய்க்காக அறுவை நடந்தது. 1998இல் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி மருந்து அங்கே அனுமதி பெற்றது. முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை, கட்டுக்குள் வைக்கலாம். இது தொற்றாது.

நம் நாட்டில் குடல் காசநோயும் உண்டு. இரண்டும் பெரும்பாலும் சிறுகுடல் முடிகிற இடத்தையே பிடிப்பதால், பிரித்தறிவது இன்றும் மருத்துவர்களுக்குச் சிரமம். என் மாணவனும் முதலில் பல மாதம் காசநோய் மாத்திரைதான் சாப்பிட்டிருக்கிறான். டால்சீல் அன்று பட்ட அதே குழப்பம்!

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், எனக்கே அப்போ தெரியாதே" என்று சிரித்தான். பெயரைச் சொல்லாமல் எழுதச் சம்மதித்ததும் அவன்தான்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வெளியே போகணும் என்றால் அனுப்பிவிடுங்கள். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், எடை குறைதல் இருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூலம், சூடு என்று நாமே முடிவு செய்ய வேண்டாம்.

நலமுடன் வாழ்க.