வயல் இல்லாத நகரில் அறுவடைத் திருநாள்: மும்பைத் தமிழரின் பொங்கல்

தை மாதத்தின் முதல் நாளில் புத்தரிசியைப் பாலும் நீரும் சேர்த்துப் பொங்கவைத்து, விளைச்சலுக்குத் துணைநின்ற கதிரவனுக்குப் படைக்கும் பொங்கல், தமிழரின் நன்றித் திருநாளாகும். பழையன கழித்து வீட்டைத் துப்புரவாக்கும் போகியில் தொடங்கி, கதிரவனுக்குரிய தைப்பொங்கல், உழவுக்கு உழைத்த கால்நடைகளுக்குரிய மாட்டுப் பொங்கல், உற்றார் உறவினரைக் கண்டு பெரியோரிடம் வாழ்த்துப் பெறும் காணும் பொங்கல் என நான்கு நாள் நீளும் இவ்விழாவில், வானில் தொடங்கும் நன்றி தொழுவம் வழியாக மனிதரிடம் வந்து சேர்கிறது. வேளாண் வாழ்வில் பிறந்த இந்த ஒழுங்கு, நெல் விளையாத, ஏர் ஓடாத பம்பாய் (இன்றைய மும்பை) நகரத்தில் நூற்றாண்டுக்கும் மேலாக எவ்வாறு நிலைபெற்றது என்பது ஆராயத் தக்கது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த தமிழர்கள் நிலத்தைப் பிரிந்து வந்தபோதும் நன்றியைக் கைவிடவில்லை என்பதையும், தம் உழைப்பையும் அண்டை வீட்டாரையும் அந்நன்றிக்கு உரியோராகச் சேர்த்துக்கொண்டனர் என்பதையும் இவ்விழாவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பம்பாயையும் சென்னையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1871இல் ராய்ச்சூர் வழியாக முழுமை பெற்றது. தென்கோடியில் தூத்துக்குடி வரையிலான பாதை 1876இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது ஆண்டுப் பஞ்சம், நிலமற்ற உழைப்பாளிகளை ஊரைவிட்டு வெளியேறச் செய்தது. இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெருந்தொகையினர் சென்றனர். அவ்வளவு பெரிய அளவில் இல்லாவிட்டாலும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கும் மக்கள் வந்துகொண்டேயிருந்தனர். நகரின் வடக்கு விளிம்பில், மாகிம் கழிமுகத்தையொட்டிய சதுப்பு நிலமாகவும் கோலி மீனவர் குடியிருப்பாகவும் இருந்த தாராவியில், பாந்திரா இறைச்சிக்கூடத்தின் அண்மையால் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, பட்டைச் சாற்றில் பதப்படுத்தும் அக்கடும் பணியில் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் கைதேர்ந்தவராயினர். தீண்டாமைக்கு ஆட்பட்டிருந்த மக்கள் தம்மைக் குறிக்கத் தாமே ஏற்ற பெயரே ஆதிதிராவிடர் என்பதாகும். தாராவியின் பழைமையான பள்ளிவாசலான படி மசூதி 1887இலும், கணேசர் கோயில் 1913இலும், தமிழ்ப் பள்ளி 1924இலும் தோன்றின. பிழைக்க வந்தவர்கள் நாற்பதாண்டுக்குள் தொழுகைக்கும் வழிபாட்டுக்கும் கல்விக்கும் இடம் அமைத்துக்கொண்டமை, இந்நகரையே தம் ஊராக ஏற்கத் துணிந்தமைக்குச் சான்றாகும்.

இம்மக்களின் பொங்கலை அறிய, அவர்கள் விட்டுவந்த ஊர்களில் பொங்கல் அவர்களுக்கு எத்தகையதாக இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆற்றுப்பாசனம் பெற்ற நெல்வயல்களில் நட்டு, களையெடுத்து, அறுத்து, கதிரடித்தவர்களுள் பெரும்பாலோர்க்கு அந்நிலத்தில் உரிமையில்லை. பொங்கலையொட்டி நிலவுடைமையாளர் பண்ணையாட்களுக்கு நெல்லும் துணியும் அளிப்பது பல பகுதிகளில் வழக்கமாக இருந்தது. அதைப் பெற்றுக்கொண்டு, சேரி எனப்பட்ட தனிக்குடியிருப்பின் எல்லைக்குள்ளேயே அவர்கள் பொங்கலிட்டனர். விளைவித்தவர்களே விளைச்சலில் ஒரு பங்கைக் கொடையாக வாங்கி அதற்கு நன்றி கூற வேண்டியிருந்த நிலை அது. தாராவிக்கு வந்து தோல் பதனிட்டும், ஆலையிலும் துறைமுகத்திலும் கூலி வேலை செய்தும் பெற்ற ஊதியத்தில் அரிசியும் வெல்லமும் பானையும் வாங்கிப் பொங்கலிட்டபோது, அவர்களுக்கும் கதிரவனுக்கும் இடையில் நிலவுடைமையாளர் நிற்கவில்லை. வாழ்க்கை வசதியால் பார்த்தால் தாராவி அந்நாளில் கடினமான இடந்தான். எனினும் அந்தப் பானை முழுவதும் அவர்களுடையதாக இருந்தது. இந்த மாற்றமே மும்பைப் பொங்கலின் வரலாற்றில் முதன்மையானது.

தாராவியின் முதன்மை வீதியான 90 அடிச் சாலையில், கணேசர் கோயிலையொட்டிப் பெண்கள் வரிசையாக அமர்ந்து பொங்கலிடும் வழக்கம் இன்று மும்பை நகரம் முழுவதும் அறிந்த காட்சியாகிவிட்டது. குடிசைகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும் விறகடுப்பு மூட்டவும் முற்றத்தில் கோலமிடவும் இடமின்மையால் தெருவே முற்றமாகிறது. செங்கல் அடுக்கி அடுப்பமைத்து, கழுத்தில் மஞ்சள் குலையும் இஞ்சிக் கொத்தும் கட்டிய பானையை ஏற்றி, அருகே கரும்பு சாத்திவைத்துப் பெண்கள் பால் பொங்கும் நேரத்துக்குக் காத்திருப்பர். பால் நுரைத்து விளிம்பைத் தாண்டும்போது எழும் ‘பொங்கலோ பொங்கல்’ என்ற முழக்கமும், நாவைச் சுழற்றி எழுப்பும் மங்கல ஒலியான குலவையும் ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்குத் தாவிச் செல்லும். ஊரில் அவரவர் வாசலில் நிகழ்ந்த சடங்கு, இங்கே பல நூறு குடும்பங்களின் கூட்டு வழிபாடாகிவிட்டது. எவ்வூரார், எக்குலத்தார் என்ற பாகுபாட்டைத் தாண்டி அடுப்புகள் அடுத்தடுத்து அமைவதால், ஊரில் எளிதில் நிகழாத சமத்துவம் நெருக்கடி மிகுந்த இந்நகரத் தெருவில் நிகழ்கிறது.

அப்பானையின் வரலாறும் தனித்துக் கூறத் தக்கது. 90 அடிச் சாலையை ஒட்டியுள்ள கும்பார்வாடா, குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பாகும். 1895இல் ஆங்கில அரசு அவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகையில் நிலம் வழங்கியது. தீபாவளிக்கு அகல்விளக்கு வனையும் அக்கைகளே, தை பிறக்கும் முன் தமிழருக்கான பொங்கல் பானைகளை வனைகின்றன. மராத்தியப் பெண்கள் மகர சங்கராந்தி வழிபாட்டில் கரும்புத் துண்டும் இலந்தைப்பழமும் கடலையும் இட்டுவைக்கும் ‘சுகட்’ என்ற சிறு மண்கலங்களும் அதே நாளுக்குரியவை. சூரியன் மகர ராசியில் புகும் அந்நாளில் குஜராத்தியர் உத்தராயணம் என்று பட்டம் விடுகின்றனர்; மராத்தியர் எள்ளும் வெல்லமும் சேர்த்த எள்ளுருண்டையை அண்டை வீட்டார்க்குக் கொடுத்து இனிய சொல் பேசுமாறு வேண்டுகின்றனர்; தமிழர் பொங்கலிடுகின்றனர். தமிழ்ப் பெண்ணின் நன்றி குஜராத்திக் குயவர் வனைந்த கலத்தில் பொங்கி, மராத்தி பேசும் வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளப்படும் இந்நிலை, பலமொழியாளர் கலந்து வாழும் நகரத்துக்கே உரிய பேறாகும்.

மாட்டுங்காவின் வரலாறு வேறு வழியில் சென்றது. 1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளை நோய்க்குப் பின், 1898இல் நிறுவப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலைக் குறைக்கும் பொருட்டுத் தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளை அகன்ற சாலைகளும் பூங்காக்களும் கொண்ட குடியிருப்புகளாகத் திட்டமிட்டது. ஆங்கிலக் கல்வியும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகச் சேர்ந்த தஞ்சாவூர், பாலக்காட்டுத் தமிழர்கள் அங்கே குடியேறினர். மாட்டுங்காவைச் சார்ந்து வளர்ந்த தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் நிறுவப்பட்டது; தனியராய் வந்த இளைஞர்களுக்கு வீட்டுச் சுவையில் உணவளித்த மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இல் தொடங்கியது. இங்கே பொங்கல் வீட்டுச் சமையலறைக்குள் நடந்தது. வெண்கலப் பானையில் பொங்கியது. பூசையறைக்கும் கோயிலுக்கும் உரியதாக இருந்தது. மறுநாள் கனுப்பிடி வைப்பது இவ்வில்லங்களின் தனிச்சடங்கு. மஞ்சள் இலையில் மஞ்சட்சோறும் சிவப்புச் சோறும் சர்க்கரைப் பொங்கலும் சிறு பிடிகளாக வைத்து, காக்கைக்கும் குருவிக்கும் உணவாக்கி, உடன்பிறந்த ஆண்மக்கள் குடும்பத்தோடு நலமாக வாழப் பெண்கள் வேண்டிக்கொள்வதே அச்சடங்காகும். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நடந்த அது, நகரத்தில் மொட்டை மாடிக்கும் பலகணிக்கும் இடம் மாறியது. இச்சடங்கு மாடி வீட்டிலும் தொடரத் தேவையான மஞ்சள் கொத்து, வாழையிலை, மாவிலை, பூச்சரம் ஆகியவற்றை மாட்டுங்காக் கடைத்தெரு தலைமுறைகளாக வழங்கி வருகிறது.

விடுதலைக்குப் பின் செம்பூர் வளர்ந்தது. அதையடுத்த டிராம்பேயில் அணுசக்தி ஆய்வு நிலையமும் எண்ணெய், உர ஆலைகளும் அமைந்தபோது, மாட்டுங்காவில் இடம் போதாத தமிழ்க் குடும்பங்களும் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் செம்பூரில் குடியேறினர். சேடா நகரில் 108 படிகளோடு அமைந்த திருச்செம்பூர் முருகன் கோயில், ஊர்விட்டு வந்தவர்கள் தம் குலதெய்வ ஏக்கத்துக்குத் தேடிக்கொண்ட ஆறுதலாகும். தைப்பொங்கலைத் தொடர்ந்து தைப்பூசமும் வருவதால் தை மாதம் முழுவதும் அங்கே விழாக்காலமாகிறது.

தெருவில் பொங்கலிட்டோரும் வீட்டுக்குள் பொங்கலிட்டோரும் தொழிலாலும் சாதியாலும் பிரிந்தே வாழ்ந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டில் மறைமலையடிகள் போன்ற தமிழறிஞர்களும் பின்னர் திராவிட இயக்கத்தாரும் பொங்கலைச் சமயம் கடந்த தமிழர் திருநாளாக முன்வைத்தமை, அப்பிரிவுகளுக்கு மேல் ஒரு பொதுவெளியை உருவாக்கியது. 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய்க்கு வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்தார். சுயமரியாதைக் கருத்துகளும் அம்பேத்கரின் போராட்டமும் ஒருசேர ஒலித்த நகரில் வாழ்ந்த தமிழ் உழைப்பாளிகள், பொங்கலைத் தம் தன்மதிப்பின் விழாவாகக் கண்டதில் வியப்பில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களுள் கிறித்தவரும் முஸ்லிம்களும் கணிசமாக இருந்தமையால், மொழியால் அமைந்த இப்பொதுமை தாராவியில் பெரிதும் பொருள் பொதிந்ததாயிற்று.

இந்நகரில் தமிழரின் வாழ்வு எப்போதும் பாதுகாப்பாக இருந்ததில்லை. 1966இல் சிவசேனைக் கட்சி தோன்றியபின், எழுத்தர் வேலைகளில் இருந்த தென்னிந்தியரை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் கடைகளும் உணவகங்களும் தாக்கப்பட்டன. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையை எரித்த வகுப்புக் கலவரத்தில் தாராவி பெருந்துன்பம் அடைந்தது; அவ்வாண்டின் பொங்கல் நாளும் அக்கொடிய நாட்களுக்குள்ளேயே அமைந்தது. அதன் பின்னர், பாவு கோர்டே, வக்கார் கான் என்ற இருவர் பல சமயத்தாரை ஒருங்கிணைத்துத் தாராவியில் அமைதிப் பணியாற்றினர். அவர்களுடைய பணியை ‘நாதா’ என்ற ஆவணப்படம் பதிவுசெய்துள்ளது. அச்சத்தைக் கடந்து வந்த மக்கள் மீண்டும் தெருவில் அடுப்பு மூட்டுவது, இவ்விடத்தில் தாம் வாழ்வதையும் தம் அண்டை வீட்டார் தம்மோடு நிற்பதையும் நன்றியுடன் அறிவிக்கும் செயலாகும். இந்த அண்டையுறவு உணவிலும் தொடர்கிறது: விடியலுக்கு முன் தாராவி வீடுகளில் அவிக்கப்படும் இட்டலி, மிதிவண்டிகளில் நகரெங்கும் சென்று அந்நகரத்தாரின் காலை உணவாகிறது. தமிழ்ப் பெண்கள் பிழியும் முறுக்கு எல்லா மொழியினர் வீட்டுக்கும் செல்கிறது. நகரம் அவர்களை வாழவைத்தது என்பது உண்மை. அவர்கள் நகரத்துக்கு உணவளித்தனர் என்பதும் அதே அளவு உண்மை.

தாராவி இன்று மீண்டும் ஒரு மாற்றத்தின் வாயிலில் உள்ளது. 2004இல் மகாராஷ்டிர அரசு முன்வைத்த மறுசீரமைப்புத் திட்டம் நெடுங்காலத் தேக்கத்துக்குப் பின், 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றதையடுத்துச் செயலுக்கு வந்துள்ளது. 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசித்து வருவோருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு வழங்குவதாகவும், அதற்குப் பின் வந்தோரையும் மேல்தளங்களில் வசிப்போரையும் தாராவிக்கு வெளியே குடியமர்த்துவதாகவும் திட்டம் கூறுகிறது. கழிப்பறையும் குடிநீரும் காற்றோட்டமும் உள்ள வீட்டை இம்மக்கள் பெறுவது நீதியே. நெடுங்காலமாக மறுக்கப்பட்ட உரிமையும் ஆகும். ஆயினும் ஒரே குடும்பத்தின் தரைத்தளத்தார் ஓரிடத்திலும் மேல்தளத்தார் வேறிடத்திலுமாகப் பிரியும்போது, அடுப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பொங்கலிட்ட வாழ்க்கை தானாகத் தொடராது.

ஆகவே தாராவியின் புதிய வரைபடத்தை வகுப்போர், கணேசர் கோயிலையும் 90 அடிச் சாலையையும் ஒட்டி, பெண்கள் கூடிப் பொங்கலிடுவதற்கான திறந்தவெளியை ஒதுக்க வேண்டும். வெளியே குடியமர்த்தப்படுவோரும் தைத்திங்கள் முதல் நாளில் அங்கு வந்து பொங்கலிடும் உரிமையை ஏற்க வேண்டும். பானை வனையும் கும்பார்வாடாவின் சூளைகளுக்கும் இடம் தர வேண்டும். மும்பையின் தமிழ் அமைப்புகள் இக்கோரிக்கையை எழுத்து வடிவில் அரசின் முன் வைப்பதோடு, தாராவியில் முதன்முதலில் பொங்கலிட்ட குடும்பங்களின் மூத்தோர் வாய்மொழிகளையும் காலம் தாழ்த்தாமல் பதிவுசெய்ய வேண்டும்.